கொழுகொழு பிள்ளைக்கு முதல் பரிசு

தாய்ப்பாலைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள். போன மாதம் சுங்கைப் பட்டாணியில் ஒரு கிளினிக்கில் கூட்டம் போட்டு அதை அறிவித்தார்கள். என்னிடம் வேலை பழகிய தாதி ஒருத்தி இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிறாள். "மிஸி, நீங்க வந்து பழைய கதை ரெண்டு சொல்லணும்" என்று ஃபோன் செய்தாள். தாதியை எங்கள் பக்கம் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? போனேன்.

திரையில் படம் காட்டினார்கள். தாய்ப்பால் குடித்து வளரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயதிலும் பதின்ம வயதிலும் உடம்பு அளவுக்கு மீறிப் பருக்கும் வாய்ப்புக் குறைவாம். கீழே பெரிய எழுத்தில், 'அம்மா, முடிவு உங்கள் கையில்' என்று போட்டிருந்தார்கள். அந்த வரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் என்று நினைத்து யாரோ சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் இனிப்பாக எதையோ பேசிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்தேன். அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன்.

நான் பினாங்கில் தாதிப் பயிற்சி பெற்றவள். மாதா கோயில் பாதிரியார் எழுதிக் கொடுத்த சிபாரிசில் இடம் கிடைத்தது. புட்டியைக் கொதிக்க வைப்பது, ரப்பர் காம்பை உப்புப் போட்டுத் தேய்ப்பது, பால்மாவை மட்டக் கரண்டியில் அளப்பது எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பாடம் உண்டு, பரீட்சையும் உண்டு. பிள்ளையை மார்பில் எப்படிப் போடுவது என்பதை ஒரு மலாய்க்கார மூத்த தாதி, சாப்பாட்டு நேரத்தில், எங்கள்மேல் இரக்கப்பட்டுச் சொல்லிக் கொடுத்தாள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர்தான் ஆஸ்பத்திரி. பத்துக் கட்டிலும் ஒரு பிரசவ அறையும் இருந்தன. பெரிய டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து, காரிலிருந்து பாதி இறங்கி, பாதி ஏறிப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் ராஜ்ஜியம் டிரெசர் மத்தாயுடையது. டிரெசர் என்றால் டாக்டருக்குக் கீழே, மற்ற எல்லாருக்கும் மேலே. வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை. காலுறையில் ஒரு சுருக்கம் இருக்காது. பெண்களிடம் பேசும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துத்தான் பேசுவார். பால்மாவு கம்பெனி கொடுத்த காலண்டர் அது. அதில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, கன்னம் இரண்டும் ஆரஞ்சுப் பழம்போல, பன்னிரண்டு மாதமும் சிரித்துக்கொண்டிருக்கும். தாய்ப்பால் என்ற சொல்லை மத்தாய் உச்சரித்து நான் கேட்டதில்லை. "அந்த விஷயம்" என்பார். கெட்ட காரியம்போல.

வாரம் ஒருநாள் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளை நிறுப்போம். தாய்மார்கள் விடியுமுன் ரப்பர்ப் பாலுக்காக மரப்பட்டையைச் சீவ, தோட்டத்துப் பேச்சில் மரம் வெட்ட, போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. வரிசையாகத் தூளி, தரையில் சாக்கு, அத்தனைக்கும் ஒரே ஆயா. உத்தரத்தில் தொங்கும் தராசுக் கொக்கியில் துணித் தொட்டிலை மாட்டி, அதில் பிள்ளையைப் போட வேண்டும். பிள்ளை ஆடாமல் நிற்கும்வரை நான் அதன் காலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்திருப்பேன், தொடாமல். டிரெசர் முள்ளைப் பார்த்து எடையைச் சொல்வார். கம்பெனி கொடுத்த அட்டையில் ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு மேலே போனால், "நல்லாருக்கு. அடுத்து." கீழே போனால், "பால்மாவு. அடுத்து." வேறு மருத்துவம் அங்கே நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அளவுக்கு மீறிப் பருத்த பிள்ளை என்று ஒன்று உண்டு என்பதே அந்த அட்டைக்குத் தெரியாது. கோட்டுக்கு எவ்வளவு மேலே போனாலும் நல்லாருக்குதான்.

அந்த ஆயாவையும் குறை சொல்ல மாட்டேன். மார்பில் குடிக்கிற பிள்ளை வயிறு நிறைந்ததும் தானாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புட்டிப் பிள்ளையும் திருப்பும்தான். ஆனால் புட்டியில் மிச்சம் தெரியும். கரைத்ததைக் கொட்டக் கூடாது என்று ஆயாவுக்கு உத்தரவு. கன்னத்தைத் தட்டி, காம்பைத் திருகி, மிச்சத்தையும் உள்ளே இறக்கிவிட்டுத்தான் அடுத்த தூளிக்குப் போவாள். போதும் என்று சொல்லப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கூட்டத்தில் காட்டிய ஆராய்ச்சி எந்த நாட்டில் நடந்ததோ. அதில் பாதியை அந்தக் கொட்டகையிலேயே பார்த்திருக்கலாம்.

அங்கேதான் சரோஜா வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. முதல் பிள்ளை, பெண், விமலா. பிரசவம் பார்த்தவள் நான். அந்தப் பெண்ணுக்குப் பால் நிறைய. பிள்ளை அழும் சத்தம் கேட்டாலே ரவிக்கை நனைந்துவிடும். பிரசவ விடுப்பு முடிகிற வாரம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள்.

"மிஸி, வெட்டி முடிச்சிட்டு மரத்துல கட்டுன மங்குல பாலு வடியிற வரைக்கும் நாங்க சும்மாதானே ஒக்காந்து பசியாறுறோம். அந்த நேரத்துல நான் ஓடிவந்து புள்ளைக்குக் குடுத்துட்டுப் போயிரவா?"

அவளுடைய நிரை, அவள் வெட்ட வேண்டிய மர வரிசை, கொட்டகைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கேட்டது நியாயம். நான் டிரெசரிடம் போனேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

"ஒருத்திக்கு விட்டா எல்லாத்துக்கும் விடணும். அப்புறம் வேலக்காட்ட யாரு பாக்குறது?"

"துரைகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க சார்."

தோட்டத்து மானேஜரான துரையிடம் கேட்டுவிட்டு வந்தார். அந்த மட்டில் அவரைப் பாராட்டுகிறேன். "துரை சிரிச்சாரு" என்றார். அதுதான் பதில்.

எனக்கும் அப்போது கைக்குழந்தையாக ஒரு மகன் இருந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ். அவன் அழுதால் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். என்னை யாரும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை, எந்தத் துரையும் சிரிக்கவில்லை. சம்பள உத்தியோகத்தில் இருப்பவளின் பிள்ளைக்குப் பசி எடுக்கலாம். மரம் வெட்டுகிறவளின் பிள்ளைக்கு எடுக்கக் கூடாது. மேடை ஏறி ரப்பர்ப் பாலையும் தாய்ப்பாலையும் சேர்த்து உவமை சொல்லிக் கைதட்டு வாங்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் இந்தச் சின்ன விஷயத்துக்காகத் துரை வீட்டுப் படி ஏறியதில்லை.

சரோஜா அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. வந்தாள். மரங்களுக்கு நடுவே ஓடிவந்து, கொட்டகையின் பின்பக்கம் உட்கார்ந்து கொடுத்துவிட்டு ஓடுவாள். சில நாள் ஓடியது. வேலையை மேற்பார்க்கும் தண்டல் பார்த்துவிட்டான். திட்டவில்லை. அடுத்த வாரம் அவளுக்கு மேட்டுக்காட்டில் நிரை கொடுத்தான், அவ்வளவுதான். அங்கிருந்து கொட்டகைக்கு வந்து திரும்பினால் மங்கில் வடிந்த ரப்பர்ப் பால் உறைந்து கட்டிவிடும்.

அப்படியும் இரண்டொரு முறை வந்தாள். பிறகு முடியவில்லை. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மார்பு இரண்டும் கல். கை பட்டாலே பல்லைக் கடித்தாள். டிரெசர் எட்டி நின்று பார்த்துவிட்டு, பால் வற்ற மாத்திரை கொடுத்து மார்பை இறுகக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார். நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"கட்டிட்டா பாலு நின்னுருமா மிஸி?"

"நின்னுரும்."

"அப்பக் கட்டாதீங்க."

கட்டவில்லை. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தேன். மார்பின் மேற்புறத்திலிருந்து காம்பை நோக்கி விரல்களை மெல்ல இறக்கி, கட்டி இருக்கும் இடத்தில் வட்டமாகத் தேய்த்து, காம்பைச் சுற்றிய கருவட்டத்துக்குப் பின்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு எடுக்க வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. பினாங்கில் அந்த மலாய்க்காரத் தாதி சாப்பாட்டு நேரத்தில் சொன்ன பாடம் அது. சொட்டாக வந்து, பிறகு நூலாக வந்தது. சரோஜா அழுதுகொண்டே சிரித்தாள். கொதிக்க வைத்த கண்ணாடிக் குவளையில் பிடித்து, மூடி, தண்ணீர்ச் சட்டியில் வைக்கக் கற்றுக் கொடுத்தேன். விடியற்காலையில் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். ஆயா அதைக் கரண்டியால் புகட்டுவாள்.

இரண்டு வாரம்கூடப் போகவில்லை. நிறுக்க வந்த டிரெசர் சட்டியைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். ஆயா உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் குவளையை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கால்வாயில் ஊற்றினார். கையைக் கழுவினார். சோப்புப் போட்டு இன்னொரு முறை கழுவினார்.

"இதெல்லாம் கிருமி. நீ படிச்சவதானே" என்றார். அன்றைக்குத்தான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

அதன் பிறகு ஆயாவுக்குப் பயம். குவளையை வாங்க மறுத்துவிட்டாள். சரோஜாவுக்கு நாளுக்கு நாள் குறைந்து, மூன்றாம் மாதத்தில் வற்றிவிட்டது.

அதே மாதம் கம்பெனி வேன் வந்தது. வேனிலிருந்து வெள்ளை உடுப்பு, வெள்ளைக் காலணியோடு ஒரு பெண் இறங்கினாள். தோட்டத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண் எவளும் மிஸிதான். அவளையும் அப்படியே கூப்பிட்டார்கள். எங்கே பயிற்சி எடுத்தாய் என்று கேட்டேன்.

"நான் நர்ஸ் இல்லக்கா. சேல்ஸ். இந்த உடுப்பு கம்பெனி குடுத்தது லா" என்றாள். நல்ல பெண். பொய் சொல்லத் தெரியவில்லை. உடுப்பு அவளுக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. சரோஜா கையில் மாதிரி டின்கள் இரண்டைக் கொடுத்தாள். அவை தீர்ந்ததும் பால்மாவு வாங்கக் கட்டுப்படியாகாது. எல்லா வீட்டையும்போல அவர்களும் கடையில் விற்கும் இனிப்பு டின் பாலுக்கு இறங்கினார்கள். தேநீரில் ஊற்றுகிற அதே பால். விமலா ஊதினாள். தொடையில் மடிப்பு, மடிப்புக்குள் மடிப்பு, மணிக்கட்டில் நூல் கட்டியதுபோல ஒரு வெட்டு. "நல்லாருக்கு" என்றார் டிரெசர்.

பிள்ளைக்கு ஒரு வயது ஆகுமுன் தோட்டத்துப் பள்ளித் திடலில் கொழுகொழு குழந்தைப் போட்டி நடந்தது. செலவு கம்பெனி. பரிசு கொடுக்கத் துரையம்மா. நீதிபதி டிரெசர் மத்தாய். நீதி தராசில் இருந்தது. கொட்டகை உத்தரத்திலிருந்து அதைக் கழற்றிக் கொண்டுவந்து திடலில் ஒரு மூங்கில் கட்டி மாட்டியிருந்தார்கள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார்கள். பல் முளைத்ததா, தவழ்கிறதா, போன வாரம் வயிற்றுப்போக்கு உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. தாய்ப்பால் குடித்த பிள்ளைகளும் இருந்தன. இறுக்கமான உடம்பு, துருதுருவென்ற கண். வரிசையில் கடைசி.

விமலாவுக்கு முதல் பரிசு. வெள்ளி நிறத்தில் ஒரு கோப்பையும் ஒரு பெட்டி பால்மாவும். போட்டிக்குப் பெயர் கொடுத்தது சரோஜாவின் புருஷன். அவன் துள்ளிக் குதித்தான். சரோஜா படத்துக்கு நின்றாள், சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மிஸி, எனக்குப் பாலு வத்துனதுக்குப் பரிசு குடுத்துட்டாங்க" என்றாள்.

நான் விமலாவை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

சில வருடங்களில் அந்த ஆஸ்பத்திரியை மூடினார்கள். மத்தாய் ஓய்வு பெற்றார். பிரிவுபசாரத்தில் பிள்ளைகள் நலத்துக்கு உழைத்தவர் என்று மாலை போட்டார்கள். நான் அரசாங்க கிளினிக்கில் இடம் கிடைத்துச் சுங்கைப் பட்டாணிக்கு வந்தேன். எண்பதுகளின் நடுவில் பள்ளிச் சுகாதாரக் குழுவில் போட்டார்கள். பள்ளி பள்ளியாகப் போய்ப் பல், கண், தலைப்பேன், உயரம், எடை பார்ப்போம்.

குழுவுக்கு அலோர் ஸ்டாரிலிருந்து மாற்றலாகி ஓர் இளம் டாக்டர் வந்தார். தமிழர். வெளிநாட்டில் படித்தவர். தமிழ் புரியும், பேச வராது, வராததில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதனால் நான் அவருக்கு வாயும் ஆனேன். அதற்குள் காற்று மாறியிருந்தது. கொழுகொழு இப்போது நோய். புட்டி இப்போது குற்றம். அவரிடமும் ஓர் அட்டை இருந்தது, அதிலும் கோடு இருந்தது. கோட்டுக்கு மேலே போன பிள்ளையின் தாயை அழைத்து விசாரிப்பார்.

ஓர் இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டில், அதாவது எட்டாம் வகுப்பில், ஒரு பெண் எடைக்கருவியில் ஏற மறுத்தாள். பையன்கள் வரிசையிலிருந்து ஒருவன் "தோங், தோங்" என்றான். மலாயில் பீப்பாய். நான் அட்டையில் பெயரைப் பார்த்தேன். விமலா. தகப்பன் பெயரும் சரோஜாவின் புருஷன் பெயர்தான்.

மறுவாரம் சரோஜாவைக் கூப்பிட்டார்கள். தோட்டத்தை விட்டு வந்துவிட்டார்களாம். அவளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. புருஷன் தஞ்சோங் டாவாயிலிருந்து மீன் ஏற்றும் லாரியில். என்னைக் கண்டதும் "மிஸி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார். தாய்ப்பால் கொடுத்தாளா, எவ்வளவு காலம் என்று கேளுங்கள் என்றார். கேட்டேன்.

"மூனு மாசத்துல வத்திருச்சுன்னு சொல்லுங்க மிஸி" என்றாள். ஏன் வற்றியது என்று அவள் சொல்லவில்லை. நான் இங்கிலீஷில் சொன்னேன், துரையிலிருந்து மேட்டுக்காடுவரை. டாக்டர் பேனாவால் மேசையைத் தட்டினார். பின்னால் வரிசை நிற்கிறது என்றார். 'புட்டிப் பால்' என்று எழுதினார். பிறகு இங்கிலீஷிலேயே, "இந்தத் தாய்மார்களெல்லாம் சோம்பேறிகள். புட்டி சௌகரியம். பலனைப் பிள்ளை சுமக்கிறது" என்று சொல்லி, சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்தார்.

"சாப்பாட்டப் பாத்துக் குடுக்கச் சொல்றாரு" என்றேன். சரோஜா தலையாட்டினாள். டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். காலையில் ஓட்ஸ், மதியம் சுட்ட மீன், நாலு மணிக்கு ஆப்பிள். ஆப்பிள் எந்த மரத்தில் காய்க்கிறது என்று எழுதவில்லை. விமலா தாயின் பின்னால் நின்றபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாளில் அந்தப் பள்ளி ஆசிரியை ஒருத்தி கிளினிக்குக்கு வந்தாள். விமலா காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாளாம். அதன் பிறகு பள்ளிக்கே வரவில்லையாம். அன்று மாலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மலிவு விலை வீடு, முன்னறையில் ஒரு பாய், ஒரு மின்விசிறி. விமலாவின் தம்பி வாசலில் மிதிவண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனும் புட்டியில் வளர்ந்தவன்தான். அதே டின் பால், அதே கொட்டகை. குச்சிபோல இருந்தான். எல்லாவற்றையும் ஒரு புட்டிக்குள் போட்டு மூடிவிட நினைப்பவர்கள் அந்தப் பையனை வந்து பார்க்கட்டும். விமலா மதியம் வந்தால் வீட்டில் ஆள் இல்லை. முக்குக் கடையில் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ், பையில் கட்டிக் கொடுக்கும் சிராப் சர்க்கரைத் தண்ணீர். திடலில் ஓடினால் தோங் என்கிறார்கள், ஆகவே ஓடுவதில்லை. இதையெல்லாம் எழுத டாக்டரின் தாளில் இடம் இல்லை.

"நாலு நாளா ஒழுங்கா சாப்புடல மிஸி. எங்கூடப் பேச மாட்டேங்குறா" என்றாள் சரோஜா. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

விமலா பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பசியாறினியா?"

"பசிக்கல." என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "மிஸி, டாக்டரு அன்னைக்கு லேசின்னு சொன்னாரு. நீங்க ஏன் அத அம்மாகிட்ட சொல்லல?"

தாய்க்குப் புரியக் கூடாது என்று நான் விழுங்கிய 'சோம்பேறி' நேராக மகளின் காதுக்குள் போயிருக்கிறது.

"நான் ஃபாரம் ரெண்டு படிக்கிறேன் மிஸி. எனக்கு இங்கிலீஷ் புரியும்" என்றாள். பிறகு சொன்னாள். "சின்னப் புள்ளயில நான் குண்டுன்னு பரிசு குடுத்தீங்க. இப்பக் குண்டுன்னு திட்டுறீங்க. எப்ப மாத்துனீங்க? எங்ககிட்ட யாராச்சும் சொன்னீங்களா?"

இத்தனை வருட வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிட நியாயமானது வேறில்லை. கேட்டது ஒரு பதின்மூன்று வயதுப் பெண். கேட்டிருக்க வேண்டிய ஆண்களெல்லாம் சுருக்கமில்லாத காலுறைகளோடு ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

"ஒங்கம்மா சோம்பேறி இல்ல" என்றேன். ஆரம்பித்தேன். கொட்டகை, தண்டல், மேட்டுக்காடு, காய்ச்சல், குவளை, கால்வாய் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்படியிலிருந்து சரோஜாவின் குரல் வந்தது. "அதெல்லாம் இப்ப எதுக்கு மிஸி?" நான் நிறுத்தவில்லை. விமலாவுக்கு இதில் ஒரு வார்த்தைகூடத் தெரிந்திருக்கவில்லை. பரிசு வாங்கியபோது எடுத்த படத்தில் தாய் சிரித்துக்கொண்டு நிற்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றாள்.

"மேட்டுக்காட்டுலேருந்து நடந்தாம்மா வந்தே?"

சரோஜா திரும்பாமலே சொன்னாள். "ஓடுனேன். திரும்பிப் போறப்பத்தான் நடந்தேன். அழுக வரும்ல."

பிறகு தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. மீன் குழம்பும் சோறும். ஓட்ஸும் இல்லை, ஆப்பிளும் இல்லை. விமலா சாப்பிட்டாள். நான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வந்தாள். பார்க்கவென்றே நான் பள்ளி வாசலில் நின்றிருந்தேன். பையன்கள் தோங் என்றார்கள். இவள் திரும்பி மலாயில் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பையன் முகம் சிவந்ததை மட்டும் பார்த்தேன்.

குழு அடுத்த முறை அந்தப் பள்ளிக்குப் போனபோது டாக்டர் அட்டைகளைப் புரட்டி அவள் பெயரில் நின்றார். இளைத்திருக்கிறாளா என்று இங்கிலீஷில் கேட்டார்.

"பள்ளிக்கு வர்றா டாக்டர். நல்லா சாப்புடுறா. அம்மாகிட்ட பேசுறா" என்றேன், தமிழிலேயே.

"நான் அதைக் கேட்கவில்லை" என்றார்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.